வழுக்கும் காகிதமும் விரியும் கால்களும்

தண்டையார்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் அட்டைப் பெட்டியோடு ஓடி வந்தான். "அண்ணா, இது மட்டும் நிக்கவே மாட்டேங்குது." உள்ளே செய்தித்தாள் விரித்து, தெருவில் வாங்கிய நாலு கலர் கோழிக்குஞ்சுகள். மூன்று கீச்சிட்டுக்கொண்டு ஓடின. பச்சைச் சாயம் போட்ட நாலாவது, வயிறு தரையில் பட, கால்களைப் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துக் கிடந்தது. எழ முயலும்போதெல்லாம் நகங்கள் காகிதத்தில் சர்ரென்று வழுக்கின.

முதலில் அந்தச் செய்தித்தாளைத்தான் உருவிப் போட்டேன்.

21 நாள் முட்டைக்குள் சுருண்டு கிடந்து வெளியே வரும் குஞ்சுக்கு எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்புதான். கால்களை உடம்புக்கு அடியில் இழுத்துப் பிடிப்பவை தொடையின் உட்பக்கத் தசைகள். கால் தரையைப் பற்றி எடையைத் தாங்கினால்தான் அவை வலுப்படும். வழுவழுப்பான காகிதத்திலோ மொசைக் தரையிலோ பிடிமானம் ஏது? கால் வெளியே சறுக்குகிறது, உள்தசை இழுபட்டுத் தளர்கிறது, எடை மூட்டின் ஒரு பக்கமாகவே விழுகிறது. வளரும் எலும்பு அந்தச் சுமைக்கு ஏற்றபடி உருவம் எடுக்கும். அதனால் இன்று வெறும் சறுக்கலாக இருப்பது, அப்படியே விட்டால் நிரந்தரக் கோணலாகிவிடும்.

எலும்பு இளசாக இருப்பதால்தான் திருத்தவும் முடிகிறது. மருந்துக்கடை பிளாஸ்திரியை நீளவாக்கில் மெல்லிய பட்டையாக வெட்டினேன். நடுவில் இருக்கும் பஞ்சுப்பகுதி இரண்டு கால்களுக்கும் பாலமாக நிற்க, முனைகளை முழங்கால் போலத் தெரியும் கணுக்கால் மூட்டுக்குக் கீழே தளர்வாகச் சுற்றினேன். கால்களுக்கு இடையே ஏறக்குறைய 2 செ.மீ., அதாவது குஞ்சு இயல்பாக நிற்கும் இடைவெளி. இறுக்கிவிட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கும், அதை அடிக்கடி பார்க்க வேண்டும். குஞ்சு வேகமாக வளர்வதால் கட்டைத் தினமும் மாற்ற வேண்டும்.

பெட்டியில் செய்தித்தாளுக்குப் பதில் கோணித் துண்டு. மற்ற குஞ்சுகள் மிதிக்காதபடி நடுவில் ஒரு தடுப்பு. கட்டுப் போட்ட குஞ்சு குப்புற விழும் என்பதால் தண்ணீர் வைத்த மூடியில் கூழாங்கல் போட்டோம். முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், அதற்கு ஒரு குண்டு பல்பு.

எல்லாக் கால் கோளாறும் இப்படிக் கட்டினால் சரியாகாது. விரல்கள் உள்ளே சுருண்டிருந்தால் பெரும்பாலும் பி2 வைட்டமின் குறைவு, அதனால் காலுக்குப் போகும் நரம்பு பழுதாகிறது. நம் வீடுகளில் வெறும் நொய்யைத்தான் போடுகிறோம், அதில் இந்தச் சத்து மிகக் குறைவு. குஞ்சுத்தீவனம் வாங்கிப் போடுங்கள். அந்தக் கணுக்கால் மூட்டு வீங்கி, கால் திருகிக்கொண்டிருந்தால் பின்பக்கத் தசைநாண் தன் பள்ளத்திலிருந்து நழுவியிருக்கலாம். மாங்கனீஸ், கோலின் குறைவாலும் அது வரும். அதைத் தாமதிக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவதே நல்லது.

பச்சைக்குஞ்சு முதல் நாள் முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது, கட்டை அவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அவிழ்த்தபோது இரண்டு காலும் உடம்புக்கு நேர்கீழே நின்றன. கொஞ்சம் ஆடியது. அப்புறம் கோணியின் நூலில் நகத்தை மாட்டி, தீவனத் தட்டை நோக்கி நடந்தது.