லெப்டொப்புக்கு எந்த இயங்குதளம்? முதலில் எழுத வேண்டியது மென்பொருள் பட்டியல்

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் வெளியான பிறகு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தம்பி, பிள்ளைக்கு கம்பஸ் கிடைச்சிருக்கு. கரண்ட் போனாலும் நிக்கிற மாதிரி ஒரு லெப்டொப் பாத்துக் குடுங்க. எந்த வின்டோஸ் போட்டா பெட்டரி கூட நிக்கும்?"

ஹட்டனில் கணினி விற்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். இப்படிக் கேட்கிறவர்களில் பலர் தோட்டத்தில் கொழுந்து பறித்து, சீட்டுக் காசையும் நகை அடகு வைத்த காசையும் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள். அந்தக் காசில் வாங்கும் பொருள் நான்கு வருடமாவது உழைக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டரியைப் பற்றி முதலில் கேட்பது நியாயம்தான். காற்று மழைக்கு ஒரு சவுக்குக் கிளை கம்பியில் விழுந்தாலே எங்கள் பக்கத்தில் இரவு முழுக்க இருட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாள்கணக்கில் மின்சாரமே இல்லாமல் இருந்த தோட்டங்கள் உண்டு. ஆனால் பெட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வின்டோஸ், லினக்ஸ், மெக்ஓஎஸ் போன்ற இயங்குதளம் மட்டும் முடிவு செய்வதில்லை. பிள்ளை படிக்கப்போகும் பாடத்துக்குத் தேவையான மென்பொருள் ஓடாத லெப்டொப்பில் பெட்டரி பத்து மணிநேரம் நின்றும் பயனில்லை.

பெட்டரியின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். வின்டோஸிலேயே பெட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. 'பவர்சிஎஃப்ஜி' என்பார்கள். விற்பவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டலாம், காட்டவும் வேண்டும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, புதிதாக வந்தபோது பெட்டரி எவ்வளவு தாங்கியது. மற்றது, இப்போது முழுக்கச் சார்ஜ் ஏறினால் எவ்வளவு தாங்கும். ஒரு பழைய லெப்டொப்பில் முதல் எண் 48,000, இரண்டாவது 19,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிவொட்-மணிக் கணக்கு அது. அதாவது 48 வொட்-மணி பெட்டரியில் மிச்சமிருப்பது 19 வொட்-மணி. எழுதுவது, வாசிப்பது போன்ற வேலைக்கு இயந்திரம் 7 வொட் இழுத்தால் இரண்டே முக்கால் மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். இயங்குதளத்தை மாற்றி, எல்லாவற்றையும் சரிப்படுத்தி, 7 வொட்டை 6 ஆகக் குறைத்தோம் என்றால் 3 மணி 10 நிமிடம். கிடைத்தது அரைமணிநேரம் கூட இல்லை. அதே லெப்டொப்புக்கு நல்ல புதிய பெட்டரி போட்டால் ஏழு மணிநேரத்தை நெருங்கும்.

வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். "லினக்ஸ் போட்டால் பெட்டரி இரண்டு மடங்கு நிற்கும்" என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு, "லினக்ஸ் பெட்டரியைக் குடித்துவிடும்" என்று பயம் காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே முழு உண்மை இல்லை. அது மெஷினைப் பொறுத்தது, செய்யும் வேலையைப் பொறுத்தது. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைப்பதே பல நேரங்களில் இயங்குதள மாற்றத்தை விடப் பெரிய மிச்சம் தரும்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வீடியோ. எங்கள் பிள்ளைகள் பாதிப் பாடத்தை யூடியூபில்தான் படிக்கிறார்கள். வீடியோவைச் சுருக்கி அனுப்ப எச்.264, விபி9, ஏவி1 என்று பல முறைகள் இருக்கின்றன. அதை விரிக்கிற வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதி தானே செய்தால் செலவு குறைவு. அதற்கு அந்தத் திறன் இல்லாவிட்டால் புரொசெசர் தலையில் விழும். ஃபேன் சத்தம் போடும், அடிப்பக்கம் சுடும், பெட்டரி கண்ணெதிரே இறங்கும். இன்டெலில் ஏவி1-ஐ வன்பொருளில் விரிக்கும் வசதி 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. எச்.264 பழைய மெஷின்களிலும் வேலை செய்யும். வின்டோஸில் பிரவுசர் இந்த உதவியைப் பொதுவாகத் தானாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் மெஷினுக்கும் பிரவுசருக்கும் ஏற்ப இது மாறும், சில நேரம் நாம்தான் இயக்கிவிட வேண்டும். பழைய லெப்டொப்பாக இருந்தால் யூடியூபை எச்.264-லேயே தரச் சொல்லும் 'எச்264இஃபை' என்ற சிறிய இணைப்பைப் பிரவுசரில் போட்டு, 480 தரத்தில் பாருங்கள். கரும்பலகையில் எழுதிக் காட்டும் பாடத்துக்கு அதுவே தாராளம்.

இன்னொரு முறைப்பாடும் அடிக்கடி வரும். கண்டியில் மூடியை மூடிப் பையில் வைத்து பஸ் ஏறினால், கினிகத்தேனை தாண்டும்போது பை சுடுகிறது, ஹட்டனில் திறந்தால் பெட்டரி செத்துக் கிடக்கிறது. பெட்டரி பழுது என்று நினைத்து வருகிறார்கள். புதிய லெப்டொப் பலவற்றில் மூடினால் முழுத் தூக்கம் இல்லை, ஃபோன் மாதிரி அரைத் தூக்கம்தான். மூடிய பிறகும் உள்ளே அப்டேட், மெயில் என்று ஏதாவது நடக்கலாம். வின்டோஸில் பவர் அமைப்புக்குள் போய், மூடியை மூடினால் 'ஹைபர்னேட்' ஆகும்படி, அதாவது செய்த வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு அணையும்படி, மாற்றிவிடுங்கள். திறக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். லினக்ஸின் வகைகளான மின்டிலும் உபுன்டுவிலும் ஹைபர்னேட் இயல்பாகத் தயாராக இருக்காது. அதனால் பயணம் போகும்போது முழுக்க அணைத்துவிடுவது நல்லது.

சரி, மென்பொருள். பட்டியலை நீங்கள் ஊகித்து எழுத வேண்டாம். பிள்ளை சேரப்போகும் பீடத்தில் இரண்டாம், மூன்றாம் வருடம் படிக்கும் ஒருவரைக் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேராதனையிலும் இருக்கிறார்கள், பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலும் இருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும்.

குவான்டிட்டி சேர்வேயிங், சிவில் படிக்கிற பிள்ளைக்கு ஒட்டோகாட் வேண்டும். அது வின்டோஸிலும் மெக்கிலும் ஓடும், லினக்ஸுக்கு வரவில்லை. தகுதியுள்ள மாணவர்களுக்கு ஒட்டோடெஸ்க் அதை இலவசமாகவே தருகிறது, களவுப் பதிப்பு தேடி வைரஸ் வாங்க வேண்டியதில்லை. சொலிட்வேர்க்ஸ் என்றால் வின்டோஸ் மட்டும்தான். ஸ்டுடியோ வைத்துக் கல்யாண அல்பம் செய்கிறவருக்கு ஃபோட்டோஷொப் வேண்டும், அதுவும் லினக்ஸில் இல்லை. உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தின் பைத்தனும், புள்ளிவிபரத்துக்கான ஆர் மொழியும் எங்கேயும் ஓடும். ஸூம் லினக்ஸிலும் உண்டு. ஆனால் ஒன்லைன் பரீட்சைக்கு 'சேஃப் எக்ஸாம் பிரவுசர்' கேட்கிற பாடநெறி என்றால் கவனம். அதற்கு வின்டோஸ், மெக், ஐபேட் பதிப்புகள்தான் இருக்கின்றன. பரீட்சைக்கு முதல்நாள் இரவு இது தெரிந்து கலங்கிப்போய் அழைக்கும் பிள்ளைக்கு என்னால் ஆறுதல்தான் சொல்ல முடிகிறது.

பாமினியை மறந்துவிடக்கூடாது. பாடசாலைச் சுற்றறிக்கை, கோயில் நோட்டீஸ், தொழிற்சங்கக் கடிதம், பழைய ஆய்வுக் கட்டுரை என்று நம் நாட்டில் தமிழில் டைப் செய்யப்பட்டவற்றில் மிகப் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அது, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் பொது முறையான யுனிகோட் இல்லை. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், புள்ளி விழ வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழிக்க வேண்டாம். பாமினி ஒரு சாதாரண எழுத்துரு ஃபைல்தான், லினக்ஸிலும் மெக்கிலும் நிறுவிக்கொள்ளலாம். நிறுவியதும் தமிழ் வந்துவிடும். பாமினி விசைகளில் விரல் பழகிய ஆசிரியர்களுக்கு வின்டோஸில் எ-கலப்பை என்ற மென்பொருள், அதே விசை ஒழுங்கில் யுனிகோட்டாகவே அடிக்க உதவும். லினக்ஸில் தமிழ்99, டைப்ரைட்டர் விசை ஒழுங்குகள் சுலபமாகக் கிடைக்கும். பாமினி ஒழுங்கே வேண்டும் என்றால் வாங்குமுன் கடையில் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

வேர்டில் செய்த ஆவணத்தை இலவசமான லிப்ரே ஒபிஸில் திறக்கலாம், ஆனால் அட்டவணை நகரும், பக்கம் மாறும். எழுத்துரு இல்லாவிட்டால் இன்னும் மோசம். ஆய்வறிக்கையை ஒப்படைக்கும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். மேற்பார்வையாளர் வேர்டிலேயே திருத்தித் திருப்பி அனுப்புகிறவர் என்றால் வேர்ட் வைத்திருப்பது நல்லது. ஒபிஸின் இணைய வடிவம் மைக்ரோசொஃப்ட் கணக்கு இருந்தால் இலவசம், ஆனால் அதற்கு சிக்னல் வேண்டும். மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் சில டிவிஷன்களில் சிக்னல் பிடிக்க லயத்தை விட்டு மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி எனக்கு அதிகம் கவலை தருகிற விஷயம். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த லெப்டொப்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. உடம்பு உறுதி, விலை குறைவு, நானும் விற்கிறேன். அவற்றில் பல இன்டெல் 6ஆம், 7ஆம் தலைமுறை. வின்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கான நீட்டிப்பு 2026 ஒக்டோபர் 13 வரைதான். வின்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அது இல்லாத மெஷினிலும் சோதனையைத் தாண்டவைத்து 11-ஐப் போட்டுவிடலாம். கடையில் அழகாக ஓடிக் காட்டும். ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் பொறுப்பேற்பதில்லை. அதோடு 'அக்டிவேட்' பண்ணுவதற்கென்று வைரஸ் காவலை அணைத்துவிட்டு ஒரு களவு ஃபைலை ஓட்டியிருந்தால், அந்த மெஷினில் வங்கிக் கணக்கு பார்ப்பது ஆபத்து.

தலைமுறையை நீங்களே பார்க்கலாம். ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 6300 என்றால் 6ஆம் தலைமுறை, 7200 என்றால் 7, 8250 என்றால் 8. 1135 என்று தொடங்கினால் 11. ஐ7 என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதில் மயங்க வேண்டாம், 6ஆம் தலைமுறை ஐ7-ஐ விட 8ஆம் தலைமுறை ஐ5 வாங்குவதே மேல்.

ஏற்கெனவே 6, 7 தலைமுறை கையில் இருக்கிறதா? பட்டியலில் வின்டோஸ் மட்டும் என்ற மென்பொருள் இல்லையா? அப்படியென்றால் தயங்காமல் லினக்ஸ் மின்ட் போடுங்கள் என்பேன். 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ரெம் 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான பதிப்பு. நிறுவுமுன் யுஎஸ்பி பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், ஹார்ட்டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, வெளிச்ச விசைகள் வேலை செய்கின்றனவா, வீட்டில் உள்ள பிரின்டர் அச்சடிக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். பழைய சில லேசர் பிரின்டர்கள் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். நிறுவிய பிறகு டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியைப் போடலாம். அதே வேலையைச் செய்யும் இன்னொன்றையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும், ஒன்று போதும். திங்க்பேட் போன்றவற்றில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியும் டிஎல்பியில் உண்டு. விடுதியில் நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கும் லெப்டொப்புக்கு இது பெட்டரியின் ஆயுளைக் கூட்டும்.

மெக்கைப் பற்றிச் சுருக்கமாக. 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மெக்புக் எயாருக்கு இணையப் பாவனையில் 15 மணிநேரம் வரை என்று அப்பிள் சொன்னது. பெட்டரியில் அது வேறு உலகம்தான். ஆனால் ரெம்மைப் பிறகு கூட்ட முடியாது, உதிரிப்பாகத்துக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். பாவித்தது வாங்கினால் முந்தையவரின் கணக்குப் பூட்டு முழுக்க நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் இன்டெல் மெக்குகளை இப்போது வாங்க வேண்டாம், மெக்ஓஎஸ் 26-தான் அவற்றுக்கு வரும் கடைசிப் பதிப்பு. 2024-இல் வந்த, ஸ்னப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட வின்டோஸ் மெஷின்களும் பெட்டரியில் கெட்டி. ஆனால் பழைய பிரின்டருக்கும் டொங்கிளுக்கும் அந்தச் சிப்புக்கான டிரைவர் (அவற்றை இயக்கும் மென்பொருள்) இல்லாவிட்டால் வேலை செய்யாது. கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக்கில் அப்டேட் முடியும் திகதி அமைப்புக்குள்ளேயே எழுதியிருக்கும், அது தாண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஒட்டோகாட்டும் வேண்டும், லினக்ஸும் வேண்டும் என்கிற பிள்ளைகள் இரண்டையும் ஒரே மெஷினில் வைக்கலாம். அதற்கு முன் ஒரு காரியம். புதிய வின்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு உள்நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படும். பயோஸில் (மெஷின் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில்) ஏதாவது மாற்றினால் அடுத்த முறை 48 இலக்கத் திறப்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அது இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் அந்த டிஸ்கைத் திறந்து தர முடியாது, பிள்ளை எழுதிய அறிக்கையும் படங்களும் போய்விடும். அந்த எண் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் இருக்கும். சில கடைகளில் அவசரத்துக்குத் தங்கள் மின்னஞ்சலிலேயே கணக்குத் திறந்து கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே காசு கொடுத்துக் கடையை விட்டு இறங்குமுன், கணக்கு பிள்ளையின் மின்னஞ்சலிலும் தொலைபேசி எண்ணிலும் இருக்கிறதா என்று பாருங்கள், 48 இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள்.