ஊர்ப் பாடத்தை ஊராரே பதிவு செய்வதற்கு

திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களில் உழவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கைப்பேசியிலேயே தங்களுக்கான பாடங்களைத் தயாரிக்கப் பயிற்சி அளிப்பது என் பணி. மைக், செயலி என்று கருவிகளிலிருந்து தொடங்கும் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு விழாக் காணொளியோடு நின்றுவிடுகின்றன. ஊரில் யார், யாரிடம், எதைக் கேட்கிறார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நெல் சாகுபடி குறித்து யூடியூபில் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கொண்டு குறுவை நடும் கும்பகோணம், பாபநாசம் பகுதிகளுக்கான அறிவுரை, நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள வேதாரண்யம், தலைஞாயிறு பகுதிகளுக்குப் பொருந்தாது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும் தண்ணீர் கடைமடையை எட்டப் பல நாள்கள் ஆகும்; அதனால் அங்கே நாற்று விடாமல் நேரடி விதைப்பில் சம்பா செய்பவருக்கு நாற்றங்கால் பாடம் எதற்கு? ஆகவே ஊர், பட்டம் (சாகுபடிப் பருவம்), மண், நீராதாரம் ஆகிய நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறேன்.

நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியை எடுத்துக்கொள்வோம். அது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று எடுத்த படத்தில் பச்சை வயல்தான் தெரியும். தூர்களை விலக்கி, கைப்பேசியைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும் என்பது வயலில் இறங்கிப் பழகியவருக்கே முதலில் தோன்றும். தண்ணீரை வடிப்பது, எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுவது, தழைச்சத்தை அளவோடு இடுவது ஆகியவற்றையும் அவர்களே விளக்கிவிடுவார்கள். மருந்தின் பெயரும் அளவும் வரும் இடத்தில் மட்டும் ஊரார் சொல் போதாது. வேளாண் அலுவலரோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தாரோ சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும். செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் புகையானை மேலும் பெருக்கிவிடக்கூடும் என்பதால் இதில் தாட்சண்யம் கூடாது.

எல்லாவற்றுக்கும் காணொளி வேண்டியதில்லை. விதைநேர்த்தி போன்றவற்றைப் பேச்சாகவே பதியலாம். வினாடிக்கு 32 கிலோபிட் அளவில் ஐந்து நிமிடப் பேச்சு ஏறத்தாழ 1.2 மெகாபைட்தான், களை பறித்துக்கொண்டே கேட்கவும் முடியும்.

பேசுபவரின் சம்மதத்தைப் பதிவிலேயே அவர் குரலில் வாங்கிவிடுவதும், பிற ஊரார் திருத்திப் பயன்படுத்த இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் குழுவே கூடிப் பேசித் தேர்ந்தெடுப்பதும் அவசியம். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். திட்ட அலுவலக மடிக்கணினியில் மட்டும் இருப்பதோ திட்டம் முடிந்ததும் போய்விடும் (இப்படிப் போனவை ஏராளம்). எனவே மூலக் கோப்புகளும் கணக்கின் கடவுச்சொல்லும் குழு உறுப்பினர்கள் இருவரிடமாவது இருக்க வேண்டும். ரகமோ பரிந்துரையோ மாறும்போது பழைய பதிவை நீக்கும் பொறுப்பும் அவர்களுடையதே.