பனியாக மாறிய காகிதம்

மங்கலான கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்பவர் கையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் ஐந்து விரலும் தெரியும். நாலு அங்குலம் பின்னால் இழுத்தால் வெறும் நிழல்தான். 1975-இல் மாஸ்கோவின் சோயுஸ்முல்த்ஃபில்ம் அனிமேஷன் ஸ்டூடியோவில் இயக்குநர் யூரி நோர்ஸ்டைன் இந்தச் சின்ன விஷயத்தை வைத்துத்தான் பயத்தைப் படமாக்கினார்.

படம் ‘மூடுபனியில் முள்ளெலி’. சுமார் 10 நிமிடம். நண்பன் கரடிக்குட்டியோடு நட்சத்திரம் எண்ண, ராஸ்பெரி ஜாமோடு கிளம்பும் முள்ளெலி பனிக்குள் வழி தவறுகிறது. பல விருதுகள் வாங்கிய படம் இது. 2003-இல் டோக்கியோவில் அனிமேஷன் கலைஞர்களிடமும் விமர்சகர்களிடமும் சிறந்த அனிமேஷன் படம் எது என்று நடந்த வாக்கெடுப்பில் முதலிடம் இதற்குத்தான்.

சரி, கணினி இல்லாமல் பனி எப்படி வந்தது? நோர்ஸ்டைனின் மனைவி பிரான்செஸ்கா யார்புசோவா உருவாக்கிய உருவங்களை வெட்டி, இடைவெளி விட்டு அடுக்கிய கண்ணாடித் தட்டுகளில் வைத்தார்கள். கேமரா மேலிருந்து பார்க்கும். உருவத்தின் மேல் மெல்லிய டிரேசிங் பேப்பர். அதை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் துளித் துளியாகக் கேமரா பக்கம் தூக்கினால் உருவம் பனியில் கரையும். இறக்கினால் பனியிலிருந்து வெளியே வரும்.

காகிதத்தின் இழைகள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. உருவம் காகிதத்தைத் தொட்டிருக்கும்போது அதன் ஒவ்வொரு புள்ளியும் காகிதத்தில் ஒரு புள்ளியாகவே விழும். இடைவெளி கூடினால் புள்ளி வட்டமாகப் பரவும். பக்கத்து வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, விளிம்புகள் அழியும். காகிதத்தின் வெண்மை வேறு மேலே ஒரு திரை போடும். நிஜப் பனியின் நீர்த்துளிகளும் ஒளியைச் சிதறடித்துத்தான் காட்சியை வெளுக்க வைக்கின்றன. அதனால்தான் கண் இதை நம்பிவிடுகிறது.

அப்புறம் நடப்பது மூளையில். அரைகுறையாகத் தெரியும் உருவத்தை மூளை சும்மா விடாது, ஏதாவது ஒன்றாக ஊகித்து நிரப்பும். வருமா வராதா என்று தெரியாத ஆபத்து, நிச்சயமாக வரப்போகும் ஆபத்தைவிட அதிகமாகப் பதற வைக்கும். முள்ளெலி குச்சியால் தடவித் தடவிப் போகிறது. எதிரே ஏதோ பெரிதாக நிற்கிறது. பார்த்தால், மரம்! இந்த இடத்தில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும்.

ஆனால் அதே காகிதத்துக்குள்ளிருந்துதான் வெள்ளைக் குதிரையும் வருகிறது, அவ்வளவு அழகாக. கடைசியில் கரடிக்குட்டியின் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்த பிறகும் முள்ளெலி குதிரையைத்தான் நினைக்கிறது: அங்கே, பனிக்குள், அது எப்படி இருக்கிறதோ?