ஏலக்காய்க்கும் ஏலத்துக்கும் என்ன உறவு?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. இதில் முதல் ஏலம் செடியின் பெயர். இரண்டாவது ஏலம் போர்த்துகீசியர் கப்பலில் வந்து இறங்கிய 'லெய்லாவ்' என்ற சொல், நம் வாயில் முன்னால் இருந்த 'ல'வை உதிர்த்துவிட்டு ஏலமாகிவிட்டது. மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் மலையாளத்தில் அதை இன்றைக்கும் 'லேலம்' என்றுதான் சொல்கிறார்கள், அங்கே அந்த 'ல' உதிரவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிற இரண்டு சொற்கள், அடுத்தடுத்து நிற்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை.

மதுரையில் ஆவண மொழிபெயர்ப்பு என் தொழில். ஒத்தக்கடைப் பக்கம் உயர்நீதிமன்றக் கிளை 2004-இல் வந்தபிறகு இந்த வேலைக்குக் கொஞ்சம் கிராக்கி கூடியிருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் உசிலம்பட்டி, தேனி, கம்பம் பக்கத்துக்காரர்கள். தாத்தாவோ அப்பாவோ இடுக்கியில் ஏலத்தோட்டம் வாங்கிப் போட்டிருப்பார், பேரன் காலத்தில் பங்குத் தகராறு வரும், அப்போது மலையாளத்தில் எழுதிய ஒரு கட்டுக் காகிதத்தை மஞ்சள் பையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "மலையாளம் தமிழ் மாதிரிதானேக்கா, எழுத்தை மட்டும் மாத்திக் குடுங்க, போதும்."

போதாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒருவர் வந்தார். அண்ணன் தம்பி நாலு பேரும் கையெழுத்துப் போட்ட பழைய ஆவணம். அதில் இவருக்கு அந்தச் சொத்தில் இனி 'அவகாசம்' இல்லை என்று ஒரு வரி. யாரோ படித்துக் காட்டியபோது, பணம் கட்டுவதற்குக் காலக்கெடு தரமாட்டோம் என்று சொல்கிறார்கள் போல என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. அவகாசி என்றால் வாரிசு. காலக்கெடுவை அல்ல, தன் பங்கையே விட்டுக்கொடுப்பதாகத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தெலுங்கில் இதே சொல்லுக்கு 'வாய்ப்பு' என்று பொருள். மூன்றுக்கும் மூலம் ஒரே சமஸ்கிருதச் சொல்தான், இடம், இடைவெளி என்பது அதன் பொருள். தமிழ் அதைக் காலத்தில் கிடைக்கும் இடமாக்கிக்கொண்டது, மலையாளம் சொத்தில் கிடைக்கும் இடமாக்கிக்கொண்டது.

இதுபோல இன்னும் இருக்கிறது. 'ஆதாரம்' என்று தலைப்பிட்ட காகிதத்தைப் பார்த்ததும், வழக்குக்கு ஏதோ சாட்சி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. கேரளத்தில் கிரயப் பத்திரத்துக்கே பெயர் ஆதாரம். நாம் சொல்கிற 'பத்திரம்' அங்கே 'பத்ரம்' ஆகி, தனியாக வந்தால் செய்தித்தாள் என்று பொருள் தரும். நிலவரி ரசீதில் 'கரம் அடைச்சு' என்று இருக்கும், அதாவது வரி கட்டியாகிவிட்டது, கையை மூடியதாக அர்த்தம் இல்லை. 'ராஜி' மட்டும் ரொம்ப ஆபத்தானது, நமக்கு அது சமாதானம், இரண்டு தரப்பும் ராஜியானார்கள் என்று கோர்ட்டிலேயே சொல்கிறோம், மலையாளத்தில் ராஜி என்றால் பதவி விலகல். ஒரு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் செயலாளர் ராஜி என்று எழுதியிருந்தால் அவர் சமாதானமாகவில்லை, போய்விட்டார். (மலையாளிகள் 'சம்சாரிக்கணும்' என்று போனில் சொன்னால் பதறவேண்டாம், பேசவேண்டும் என்கிறார்கள், அவ்வளவுதான்.)

நம் கோர்ட்டுத் தமிழே இந்த விஷயத்தில் லேசுப்பட்டதில்லை. ஜாமீன், ஜமீன் இரண்டையும் கேட்டால் ஒரே குடும்பம் மாதிரித் தெரியும். ஜமீன் பாரசீகச் சொல், நிலம். ஜாமீன் அரபியிலிருந்து வந்தது, பிணை நிற்கிறவர். ஜமீன்தார் ஜாமீன் கொடுத்தார் என்பதால் இரண்டும் உறவாகிவிடாது.

சரி, இதெல்லாம் காசு போகிற விஷயம். காசு போகாத, ஆனால் வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை எனக்கு வந்து சேருகிற விஷயம் ஒன்று உண்டு. 'ஒன்' என்பது நம் ஒன்றுதான், 'எயிட்' என்பது நம் எட்டுதான், 'கில்' என்பது கொல்தான், ஆகவே ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது. தமிழ்மேல் பாசம் இருக்கலாம், எனக்கும் இருக்கிறது, அதற்காக இப்படியா? எட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது, எண்ணூறு, எண்கோணம் என்று சொல்கிறோமே, அங்கே அடிச்சொல் 'எண்' என்பது தெரிகிறதா? கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி, எல்லாவற்றிலும் அந்த மூக்கொலி இருக்கிறது. இப்போது ஆங்கிலத்தைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போங்கள். பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்டா', ஜெர்மனில் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட', இந்தியில் 'ஆட்'. நம் ஊர் சௌராஷ்டிரர்கள் வீட்டில் எண்ணுகிற எட்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், அவர்கள் பேசுவது இந்தோ-ஆரிய மொழி. இன்றைக்குப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற எட்டும் எயிட்டும் பழங்காலத்துக்குப் போகப்போக விலகுகின்றன, ஒன்று 'ண்' பக்கம் போகிறது, மற்றது 'க்' பக்கம் போகிறது. உறவுள்ள சொற்களாக இருந்தால் பின்னால் போகப்போக நெருங்கவேண்டும். முகஜாடையை வைத்துத் தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் கொடுப்பதில்லை, ஆவணமும் விசாரணையும் கேட்கிறார் அல்லவா, சொல்லுக்கும் அதே விசாரணை வேண்டும்.

விசாரணை என்பது ஒழுங்கைத் தேடுவது. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து. ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம், வரிசையாகச் சொல்லின் தொடக்கத்தில் ப வருகிற இடத்தில் ஹ வருகிறது, அதுவும் பழைய கன்னடத்தில் ப-வாகவே இருந்தது. செவி அங்கே கிவி, சேரி அங்கே கேரி. கேட்டால் ஒன்றுபோல இல்லாத சொற்கள், ஆனால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1816-இல் மதராஸ் கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழ் தெலுங்கு கன்னடம் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை, தனிக் குடும்பம் என்று எழுதினார், 1856-இல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார். எல்லிஸ் இறந்தது இங்கே பக்கத்தில் ராமநாதபுரத்தில்தான், 1819-இல்.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் தமிழ்ச் சொல்லே இல்லையா என்று கோபப்படவேண்டாம். கட்டுமரம் போயிருக்கிறது, சுருட்டு போயிருக்கிறது, மிளகுத்தண்ணி போயிருக்கிறது. காசு கதைதான் வேடிக்கை. ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது லத்தீனில் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சு, இத்தாலி வழியாக வந்தது. இன்னொரு கேஷ் சின்ன நாணயம், அது நம் காசுதான், போர்த்துகீசியர் வழியாகப் போனது. கம்பெனிக் காலத்து மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு எழுதினார்கள். ஆக, வாட்ஸ்அப்காரர் ஒரு கேஷ் விஷயத்தில் சரி, கடைக்காரர் வாங்குகிற கேஷ் விஷயத்தில் தப்பு.

தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்வார்கள். அங்கே ம்பபாரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டக்' என்று பெயர் இருந்தது, ஏறக்குறைய ஆங்கில 'டாக்' மாதிரி. வெள்ளைக்காரனிடம் வாங்கியதா? இல்லை. அக்கம்பக்கத்து மொழிகளில் 'குடக' என்று இருந்த சொல் தேய்ந்து அப்படி ஆனது. கொரிய அப்பாவையும் நம் அப்பாவையும் இணைத்து மாநாடு போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. உலகம் முழுக்கக் குழந்தைகள் முதலில் உதட்டை மூடித் திறந்து எழுப்புகிற ஒலிகள் அவை, பெற்றவர்கள் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள்.

சொல் மூலம் பார்க்கவேண்டுமா, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பல சொற்களுக்கு எந்த மொழி என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறார்கள். திராவிட உறவுக்கு பர்ரோவும் எமனோவும் சேர்த்த சொற்பிறப்பு அகராதி இருக்கிறது. இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள்.

ஆனால் மலையாளப் பத்திரம் கையில் இருந்தால் அகராதியை நம்பி உட்காராதீர்கள், போனில் படம் எடுத்து ஆப் தருகிற தமிழை வைத்தும் முடிவு பண்ணாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எதிர்த்தரப்புக்குச் சொந்தமில்லாத, மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரை முழுவதும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு பத்தியையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். எங்கே அவர் அதே சொல்லையே தமிழ்ச் சொல்லாகத் திருப்பிச் சொல்கிறாரோ, அந்த இடத்தில் நிறுத்தி, "இதுக்கு அங்கே என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள்.