மெதுவாகப் பெருகும் கிருமிக்கு மெதுவாகக் கரையும் ஊசி

கர்ப்பிணிகளின் அட்டையில் ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த வகை என்று பரிசோதனைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவே 'வி.டி.ஆர்.எல்.' என்று ஒன்று. எதிரே 'நான்-ரியாக்டிவ்', அதாவது ஒன்றும் தென்படவில்லை என்று எழுதியிருந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அது உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோய்க்கான பரிசோதனை. மேகநோய், கிரந்தி என்று பழைய ஆட்கள் சொன்னவற்றில் இதுவும் அடக்கம். எப்போதாவது ஒருவர் அட்டையில் 'ரியாக்டிவ்' என்று வந்துவிட்டால் வீடே இடிந்துபோகிறது. நோயைப் பற்றிய கேள்விக்கு முன்னால் அவமானம் வந்து நிற்கிறது. அந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சேரவேண்டிய செய்தி வேறு: தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் ஒருசேரக் குணமாக்கும் மருந்து இருக்கிறது, விலையும் குறைவுதான், நாளைக் கடத்தாமல் போடவேண்டும்.

கிருமியின் பெயர் டிரெபோனிமா பாலிடம். 1905-இல் பெர்லினில் ஷாடின், ஹாஃப்மன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். திருகாணி மாதிரி முறுக்கிய உடம்பு. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. முதலில் பிறப்புறுப்பில் ஒரு புண் வரும். வலிக்காது. பெண்களுக்கு அது கருப்பை வாயில் வந்தால் கண்ணிலும் படாது. சில வாரங்களில் தானாக ஆறிவிடும். பிறகு உடம்பில் தடிப்பு வரலாம், அதுவும் போய்விடும். அப்புறம் வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளேயே கிடக்கும். அதனால் இப்போது வந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு யார், எப்போது, எங்கே என்று விசாரணை நடத்துவதில் அர்த்தமே இல்லை.

தாயின் ரத்தத்தில் இருக்கும் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். நாலைந்து மாதம் வரை நஞ்சுக்கொடி அதைத் தடுத்து நிறுத்துகிறது என்று முன்பு நம்பினார்கள். உண்மையில் மூன்றாம் மாதத்திலேயே தாண்டிவிடும். சிசுவின் நோய் எதிர்ப்பு அப்போது வளர்ந்திராததால் பாதிப்பு வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். தாய்க்குத் தொற்று புதிதாக இருந்தால் ஆபத்து மிக அதிகம். கரு கலையலாம், குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். எலும்பும் கல்லீரலும் பாதிக்கப்பட்டுப் பிறக்கலாம். பிறக்கும்போது நன்றாக இருந்து, பிற்பாடு காது கேளாமல் போகும் பிள்ளைகளும் உண்டு. 2022-இல் மட்டும் உலகில் சுமார் 1,50,000 சிசுக்கள் இதனால் வயிற்றிலேயே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மருந்து இருக்கும் ஒரு நோய்க்கு இத்தனை பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

சரி, 'ரியாக்டிவ்' என்றால் நோய் உறுதியா? இல்லை. வி.டி.ஆர்.எல். கிருமியைத் தேடும் பரிசோதனை அல்ல. செல்கள் சிதையும்போது வெளிவரும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்புக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது தேடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ் மாதிரியான நோய்களிலும், சில சமயம் கர்ப்பத்தினாலேயும்கூட அது தென்படலாம். அதனால்தான் டி.பி.எச்.ஏ. போன்ற, கிருமிக்கே உரிய இன்னொரு பரிசோதனையையும் செய்கிறார்கள். முடிவோடு 1:8, 1:32 என்று ஓர் அளவும் வரும். ரத்தத்தின் சீரத்தை அத்தனை மடங்கு நீர்த்த பிறகும் எதிர்ப்பொருள் தெரிகிறது என்று பொருள். சிகிச்சைக்குப் பின் 1:32 என்பது 1:8 ஆக, அதாவது நாலில் ஒரு பங்காக இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது.

அந்த மருந்து பென்சாத்தின் பெனிசிலின். கிருமி இரண்டாகப் பிரியும்போது புதுச்சுவர் கட்டவேண்டும். பெனிசிலின் அந்தக் கட்டுமானத்தைக் கெடுத்துவிடும். குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி, சூழல் சாதகமாக இருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். சிபிலிஸ் கிருமிக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும் சாதாரண பெனிசிலினைப் போட்டால், கிருமி பிரியும் நேரத்தில் ரத்தத்தில் மருந்து இருக்காது. பென்சாத்தின் பெனிசிலின் தண்ணீரில் லேசில் கரையாது. குப்பியில் வெள்ளைத் தூளாக இருப்பதில் நீர் விட்டுக் குலுக்கினால் கெட்டியான பால் மாதிரி ஆகும். செவிலியர் தாமதித்தால் தூள் அடியில் தங்கி ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். 24 லட்சம் யூனிட்டை இரண்டாகப் பிரித்து இரு பக்க இடுப்பிலும் போடுவது வழக்கம். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தசைக்குள் இருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும்.

தொற்று புதிது என்றால் ஒரு தவணை. பழையது, அல்லது எப்போது வந்தது என்றே தெரியாது என்றால் வாரம் ஒன்றாக மூன்று. கர்ப்பிணிகளுக்கு இந்த இடைவெளி ஒன்பது நாளைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். பிரசவத்துக்கு 30 நாளாவது முன்பே சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். ஊசி போட்ட அன்று காய்ச்சல், உடல்வலி வரலாம். கிருமிகள் சாவதால் வருவது அது. ஆனால் வயிறு இறுகி வலித்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மாத்திரை கொடுத்தால் என்ன? எரித்ரோமைசின் நஞ்சுக்கொடியைச் சரியாகத் தாண்டாது. தாய் தேறினாலும் பிள்ளைக்கு மருந்து எட்டாது. டாக்சிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது. அதனால் மருத்துவமனையில் வைத்து, மிக நுண்ணிய அளவில் தொடங்கி, கால் மணிக்கு ஒருமுறை கூட்டிக்கூட்டிக் கொடுத்து, சுமார் நாலு மணி நேரத்தில் உடம்பைப் பெனிசிலினுக்குப் பழக்குகிறார்கள். கணவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டாயம். அவரை விட்டுவிட்டால் குணமானவருக்குத் திரும்பவும் தொற்றும்.

இதையெல்லாம் ஒரு நாடு முழுக்க ஒழுங்காகச் செய்ய முடியுமா என்றால், முடியும். 2015-இல் கியூபா முதலாவதாகவும், 2019-இல் இலங்கையும் தாயிடமிருந்து குழந்தைக்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றன.

குழந்தை பிறந்ததும் அதன் ரத்தத்தையும் பார்ப்பார்கள். 'ரியாக்டிவ்' என்று வந்தால் பதற வேண்டாம், தாயின் எதிர்ப்பொருளே நஞ்சுக்கொடி வழியாக வந்திருக்கலாம். தாயின் அளவைப்போல நாலு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால்தான் குழந்தைக்கே தொற்று இருப்பதாகக் கொள்வார்கள். தாயிடமிருந்து வந்தது மட்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் வி.டி.ஆர்.எல்.-இல் மறைந்துவிடும். தொற்று இருந்தால் பத்து நாள் பெனிசிலின்.

பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்கவேண்டும். தாய்ப்பால் வழியாக சிபிலிஸ் பரவுவதில்லை. பயந்துபோய்ப் புட்டிப்பாலுக்கு மாற்றிவிடும் வீடுகள் உண்டு, பாவம், அந்தப் பிள்ளைக்கு அது வீண் இழப்பு. ஒரே விதிவிலக்கு, மார்பிலோ காம்பிலோ சிபிலிஸ் புண் இருப்பது. அப்போது அந்தப் பக்கம் மட்டும் சிகிச்சை முடிந்து புண் ஆறும்வரை கொடுக்கக்கூடாது. மறுபக்கம் புண் இல்லையென்றால் அதில் குடிக்கட்டும். புண் உள்ள பக்கம் பால் கட்டிக்கொள்ளாமல் பீய்ச்சிவிட வேண்டும்; பம்ப்போ கையோ புண்ணில் பட்டிருந்தால் அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள். தாய் போட்டுக்கொள்ளும் பெனிசிலின் பாலில் மிகக் கொஞ்சமே கலக்கும். குழந்தைக்கு மலம் சற்று இளகிப் போகலாம், அதற்காகப் பாலையும் நிறுத்தவேண்டாம், ஊசியையும் நிறுத்தவேண்டாம்.