காருக்குள் இருப்பது எந்த இன்ஜின்?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு மாடலையும் வருடத்தையும் சொல்லி வாட்டர் பம்ப் வாங்குகிறீர்கள். போல்ட் துளைகள் ஒத்துவரவில்லை. ஹெட் கேஸ்கெட் வாங்குகிறீர்கள். சிலிண்டர் வட்டம் சரியாக உட்காரவில்லை. கடைக்காரர் தப்பான பார்ட்டைக் கொடுத்துவிட்டார் என்று முடிவுகட்டும் முன், காரில் இருப்பது கம்பெனி வைத்த இன்ஜின்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. முந்தைய உரிமையாளர் இன்ஜினை மாற்றியிருந்தால் ஆயிலின் அளவு, ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், சென்சார்கள் என்று எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

இந்தத் தேடலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான். எது சுலபமாகக் கழன்று வருமோ, அதன் சாட்சியம் அவ்வளவு பலவீனமானது. "3.0" என்று எழுதிய பிளாஸ்டிக் மூடி கையால் இழுத்தாலே வந்துவிடும். வால்வ் கவரைக் கழற்ற அரைமணி நேரம் போதும். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டை மாற்ற ஒருநாள் வேலை. சிலிண்டர்கள் அமைந்திருக்கும் இன்ஜினின் உடம்பான பிளாக்கை மாற்றுவது என்றால் இன்ஜினையே மாற்றுவதுதான். ஆகவே கண்ணில் முதலில் படுவதை விட்டுவிட்டு பிளாக்கிடம் போக வேண்டும்.

அதற்கு முன் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அந்த எண், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது கார் எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். வட அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் 8ஆவது இடம் பொதுவாக இன்ஜின் வகையைக் குறிக்கும். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம்: இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தன் நினைவில் வைத்திருக்கும் சேசிஸ் எண்ணைப் படித்து, காரின் உடம்பில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் இசியு வேறொரு காரிலிருந்து வந்திருக்கிறது. இன்ஜினும் கூடவே வந்திருக்கலாம். இரண்டும் ஒத்துப்போனால் எதுவும் நிரூபணமாகிவிடாது. பழைய இசியுவை அப்படியே வைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் மாற்றுவதும், இசியுவில் எண்ணைத் திருத்தி எழுதுவதும் உண்டு.

இனி பிளாக். அதில் இரண்டு வகை எண்கள் இருக்கும். வார்ப்பு எண் இரும்போடோ அலுமினியத்தோடோ சேர்ந்தே உருவானது, மேடாகப் புடைத்திருக்கும். பொறித்த எண் சமமாக இழைத்த ஒரு சிறு பரப்பில் குழியாக அடித்தது. கியர்பாக்ஸ் சேரும் விளிம்பு, ஹெட் உட்காரும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஆயில் ஃபில்டரை ஒட்டிய பகுதி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல்புறம் ஆகியவை வழக்கமான இடங்கள். கிரீஸ் படிந்திருந்தால் பிரேக் கிளீனர் அடித்து நைலான் பிரஷால் தேயுங்கள். வார்ப்பு எண்ணுக்குக் கம்பி பிரஷ் பரவாயில்லை. பொறித்த எண்மேல் அதை வைக்கவே கூடாது, மெல்லிய கோடுகள் அழிந்துவிடும். பிறகு சாக்பீஸைக் குழியில் தேய்த்து, டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்துப் போட்டோ எடுங்கள். நேரே பார்க்கும்போது தெரியாத எழுத்துகூட நிழலில் தெரிந்துவிடும்.

பொறித்த எண் இருக்கும் பரப்பையும் கவனியுங்கள். தொழிற்சாலையில் இழைத்த பரப்பில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். வட்டவட்டமான கிரைண்டர் தடம் இருந்தாலோ, எழுத்துகளின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறியிருந்தாலோ யாரோ கை வைத்திருக்கிறார்கள். எண்ணே இல்லாவிட்டால் திருட்டு இன்ஜின் என்று உடனே எண்ணிவிட வேண்டாம். ஹெட் உட்காரும் பரப்பை மறுபடி இழைக்கும்போது பக்கத்தில் உள்ள எண்ணும் போய்விடுவதுண்டு. மாற்று இன்ஜினாகத் தனியாக விற்கப்படும் பிளாக்குகள் எண் இல்லாமலே வருவதும் உண்டு.

வார்ப்புத் தேதி நல்ல சாட்சி. செவ்ரோலெட்டின் பழைய ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின்களில் ஏ முதல் எல் வரையிலான எழுத்து மாதத்தைக் குறிக்கும். அடுத்து நாள், கடைசியில் வருடத்தின் கடைசி இலக்கம். "சி 12 9" என்றால் மார்ச் 12, 9இல் முடியும் ஒரு வருடம். கார் தயாரான தேதிக்குப் பிந்தைய தேதி பிளாக்கில் இருந்தால் விவாதமே தேவையில்லை, அது மாற்றிய இன்ஜின்.

ஆனால் வார்ப்பு எண் கிடைத்ததும் விடை கிடைத்துவிட்டதாக நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதே ஸ்மால் பிளாக்கின் 3970010 என்ற வார்ப்பில் 302, 327, 350 கன அங்குலம் என்று மூன்று கொள்ளளவுகளில் இன்ஜின்கள் வந்தன. மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலமே. பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்க் மட்டும் வேறு; பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரமான ஸ்ட்ரோக் 3, 3.25, 3.48 அங்குலம். ஜெனரல் மோட்டார்ஸின் 4.8, 5.3 லிட்டர் வி8களும் இப்படித்தான்: இரண்டுக்கும் ஒரே பிளாக், 96 மி.மீ. விட்டம், ஸ்ட்ரோக் 83 அல்லது 92 மி.மீ. 4.8ஐ 5.3 என்று சொல்லி விற்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிடிபடுவது கஷ்டம்.

அங்கே அளவெடுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகு எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். நீளமான மரக்குச்சியைச் சிலிண்டருக்குள் விட்டு, கிராங்க் புல்லி போல்ட்டை ராட்சட்டால் மெதுவாகச் சுற்றுங்கள். பென்சில் வேண்டாம், உள்ளே முறிந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஒரு கோடு, அடியில் நிற்கும்போது இன்னொரு கோடு, இடைவெளிதான் ஸ்ட்ரோக். இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். பெரும்பாலானவை புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத் திசையில் ஓடும். ஹோண்டாவின் பி வரிசை எதிர்த்திசையில் ஓடும்.

டொயோட்டாவின் 1ஜேஇசட், 2ஜேஇசட் இன்ஜின்களில் பிளக் துளை சிலிண்டரின் நடுவில் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் இந்த முறை அழகாக வேலை செய்யும். இரண்டிலும் விட்டம் 86 மி.மீ.; ஸ்ட்ரோக் ஒன்றில் 71.5, மற்றதில் 86. விட்டத்தின் பாதியை வர்க்கமாக்கி, 3.1416, ஸ்ட்ரோக், சிலிண்டர் எண்ணிக்கை ஆகியவற்றால் பெருக்கினால் 2,492 சிசி, 2,997 சிசி என்று வரும்.

பிளக் துளை சாய்ந்திருந்தால் குச்சி பொய் சொல்லும். 20 டிகிரி சாய்வில் அளவு சுமார் 6 சதவீதம் கூடும், 83 மி.மீ. ஸ்ட்ரோக் 88 ஆகத் தெரியும். 83க்கும் 92க்கும் சரியாக நடுவே வந்து நிற்கும் அந்த அளவால் ஒரு பயனும் இல்லை. அப்படிப்பட்ட வி8களில் ஆயில் பேனை இறக்கி, கிராங்கின் எடைக்கட்டியில் உள்ள வார்ப்பு எண்ணைப் படிப்பதே உறுதியான வழி.

சிலிண்டர்களில் எரிபொருள் பற்றும் வரிசையான ஃபயரிங் ஆர்டரை வைத்து இன்ஜினைச் சொல்லிவிடலாம் என்பாரும் உண்டு. ஃபோர்டின் பழைய 302 கன அங்குல வி8இல் அது 1-5-4-2-6-3-7-8. அதன் 351 விண்ட்சர் வி8இல் 1-3-7-2-6-5-4-8. ஆனால் அந்த வரிசையைத் தீர்மானிப்பது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். 1980களின் 5.0 ஹெச்ஓ (அதிகத் திறன்) இன்ஜின் 302தான் என்றாலும் 351இன் வரிசையில்தான் ஓடுகிறது. அதனால் பிளக் வயர்களைப் பின்தொடர்ந்து பார்ப்பது உள்ளே எந்தக் கேம் இருக்கிறது என்று சொல்லும், கொள்ளளவைச் சொல்லாது.

கடைசியாக, இரண்டு இன்ஜின்களைச் சேர்த்துக் கட்டியவை. ஹோண்டா பி18பி பிளாக்கின்மேல் பி16ஏ இன்ஜினின் விடெக் (வால்வ் திறப்பை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் ஹோண்டா அமைப்பு) ஹெட்டை ஏற்றுவது பரவலான வழக்கம். பிளாக்கில் பி18பி என்று இருக்கும், ஹெட்டில் பிஆர்3 என்று வார்த்திருக்கும், இரண்டும் உண்மையே. அந்த பிளாக்கில் விடெக்குக்கு ஆயில் தரும் வழி இல்லாததால், பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு வெளியே ஒரு ஆயில் ஹோஸ் ஓடும். அந்த ஹோஸைப் பார்த்தால் ஒரே இன்ஜின் குறியீட்டை வைத்து பார்ட் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் பிளாக்கின் குறியீட்டுக்கு. வால்வ், கேம், வால்வ் சீல் ஹெட்டின் குறியீட்டுக்கு. ஹெட் கேஸ்கெட்டுக்கு மட்டும் இரண்டையும் பார்க்க வேண்டும்: வட்டம் பிளாக்கின் விட்டத்துக்கு ஒத்துவர வேண்டும், தண்ணீர், ஆயில் துளைகள் இரண்டு பக்கமும் நேராக வந்து விழ வேண்டும்.