வெள்ளம் என்றால் தண்ணீரா, பெருக்கா? அறிவியல் பட்டம் படிக்கும் எல்லைப்புற மாணவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ வேலந்தாவளத்திலிருந்தோ பி.எஸ்ஸி. படிக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு நாள் என்பது மூன்று மொழி. வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் கல்லூரி ஆபீஸிலும் மலையாளம், புத்தகத்திலும் பரீட்சைத் தாளிலும் ஆங்கிலம். பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். திசைவேகம், முடுக்கம் என்று படித்தவர் காதில் முதல் வாரமே ‘ப்ரவேகம்’, ‘த்வரணம்’ என்று விழும். ‘வெள்ளம்’ என்று ஆசிரியர் சொன்னால் அது குடிக்கும் தண்ணீர். நமக்கோ ஆற்றுப் பெருக்கு.

படித்த அறிவியலை எடுத்துச் சொல்லும்போது பேச்சு வராததற்கெல்லாம் இங்கிலீஷ்தான் காரணம் என்று பெற்றோரும் மாணவரும் முடிவுகட்டி, முப்பது நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்த வகுப்பில் வணக்கம் சொல்லவும் தன்னை அறிமுகப்படுத்தவும் கற்றுக்கொள்ளலாம்; தப்பில்லை. ஆனால் ஒரு வரைபடத்தை எப்படி விளக்குவது, ஓர் அளவீட்டை எப்படிச் சொல்வது என்று அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வாயடைத்து நிற்கும் மாணவரிடம் அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தமிழிலும் பதில் வராது. எதை முதலில் சொல்வது என்ற வரிசை மனதில் இல்லை, அதுதான் சிக்கல். வரிசை பிடிபட்டுவிட்டால் ஓட்டை இங்கிலீஷிலும் பதில் நிற்கும்.

ஒரே ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். வேதியியல் லேபில் எல்லோரும் செய்யும் கடினநீர்ச் சோதனை. வீட்டுக் கிணற்றிலிருந்து 50 மி.லி. தண்ணீர், அமோனியா பஃபர், எரியோக்ரோம் பிளாக் டி நிறங்காட்டி, ப்யூரெட்டில் (அளவு குறித்த சொட்டுக் குழாயில்) 0.01 மோலார் இ.டி.டி.ஏ., அதாவது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தில் 18.4 மி.லி. செலவாகியிருக்கிறது. இந்த அளவுகளில் ஒவ்வொரு மி.லி.க்கும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கு. ஆக, கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 368 மில்லிகிராம். இதை மூன்று பேரிடம் சொல்லிப் பழக வேண்டும்.

முதல் ஆள் வைவா எடுக்க வரும் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்). “பஃபர் எதற்கு?” என்று கேட்டால், பலர் பஃபரின் வரையறையிலிருந்து தொடங்குகிறார்கள், இரண்டாவது வாக்கியத்தில் வழி தவறிவிடும். பதிலை முதல் வாக்கியத்திலேயே வையுங்கள்: பி.எச்.சை (அமில-கார அளவை) 10-ல் நிறுத்த. அடுத்து காரணம்: பி.எச். குறைந்தால் இ.டி.டி.ஏ. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இறுகப் பிடிக்காது, நிறமாற்றமும் தெளிவாக இருக்காது. ரொம்பக் கூடினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். அவ்வளவுதான், நிறுத்திக்கொள்ளுங்கள். பதில் முடிந்த பிறகும் பேசிக்கொண்டே போனால், அடுத்த கேள்விக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். கேள்வி வந்ததும் மூன்று விநாடி யோசித்தால் யாரும் மார்க் குறைக்கப்போவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, “இதைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்து பார்ப்பேன்” என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அதுவும் நல்ல பதில்.

இரண்டாவது ஆள் உங்கள் ரெக்கார்டை (பரிசோதனைக் குறிப்பேட்டை) திருத்தும் ஆசிரியர். இங்கே நடக்கும் பெரிய தப்பு, கால்குலேட்டர் காட்டியதை அப்படியே எழுதுவது. சராசரி எடுத்த கணக்கில் 368.27 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ப்யூரெட்டில் அடுத்தடுத்த அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போனால் போதும் என்று விட்டிருப்போம். அந்த 0.1 மி.லி. என்பது விடையில் 2 மில்லிகிராம். அப்படியிருக்க இரண்டு தசம இடத்துக்கு விடை சொல்வது, அளக்காததை அளந்ததாகச் சொல்வது. 368 என்று எழுதி, கூடவோ குறையவோ 2 என்று சேர்ப்பதே நேர்மை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுபவர்களுக்கு இது கடைசிவரை பிடிபடாது. செய்முறைப் பகுதியைத் தன் வாக்கியத்தில் எழுதியவருக்கே வைவாவில் வாய் திறக்கும்.

அலகை விடாமல் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் கணக்கு கொடுத்தது, மறு குழு அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது.

மூன்றாவது ஆள் வீட்டில் இருக்கும் பாட்டி. மூவரில் இவரிடம் சொல்வதுதான் கடினம் என்பது எங்கள் எண்ணம். லிட்டருக்கு 368 மில்லிகிராம் என்றதும் அவர் கேட்பது ஒன்றுதான்: “அப்போ குடிக்கலாமா, வேண்டாமா கண்ணு?” இந்தியத் தர நிறுவனத்தின் 10500-ஆம் எண் தரத்தின்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. இதை அப்படியே ஒப்பித்தால் பாட்டிக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ‘அனுமதி உண்டு’ என்பது ‘நல்ல தண்ணி’ என்று காதில் விழும். அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்: பருப்பு வேக நேரமாகிறது, சோப்பு நுரைப்பதில்லை, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. இது உப்புத் தண்ணி. குடித்தால் உடனே கெடுதல் இல்லை. வேறு நல்ல தண்ணி கிடைத்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை எடுப்பது நல்லது. இப்படிச் சொன்னால் அவர் ஒரு முடிவுக்கு வர முடியும்.

உடனே “காய்ச்சினா சரியாயிடுமா?” என்பார். இங்கேதான் கவனம் வேண்டும். காய்ச்சினால் பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை குறையும். சல்பேட், குளோரைடால் வருவது குறையாது. ஃப்ளோரைடு கதை வேறு. நம் கிழக்குப் பாலக்காட்டுக் கிணறுகளில் பேச வேண்டிய பொருள் அதுதான். அது காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். ‘காய்ச்சிக் குடிங்க’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவது, நல்லது நினைத்துச் செய்யும் தப்பு.

உச்சரிப்பும் இங்கே விளையாடும். வேகமாகச் சொன்னால் ‘புளோரைடு’, ‘குளோரைடு’ இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். ஃப்ளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், உச்சம் 1.5. குளோரைடுக்கு 250, உச்சம் 1000. ஒன்றுக்கு மற்றதன் எண்ணை எழுதிக்கொண்டால் விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. முதல் எழுத்தை நிறுத்திச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் குறியீட்டை எழுதிக் காட்டுங்கள். 1.5-ஐ ‘ஒன் பாயிண்ட் ஃபைவ்’ என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பமும் இதே வகைதான். மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் சுருக்கிச் சொல்லவே வேண்டாம்.

சொற்களுக்கு ஒரு சின்ன நோட்டு போடுங்கள். பக்கத்தை நான்காகப் பிரித்து ஆங்கிலச் சொல், தமிழ், மலையாளம், கடைசிக் கட்டத்தில் அந்தச் சொல்லை வைத்து நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். நாளுக்கு ஐந்து சொல் போதும். கடைசிக் கட்டம் இல்லாவிட்டால் அது வெறும் அகராதி. பேசும்போது வாயில் வராது.

செமினாருக்கு வருவோம். பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். எழுத்து 24 பாயிண்டுக்குக் கீழே போனால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் விடுபட்டால் மொத்தமும் நின்றுபோகும். முதல் இரண்டு வாக்கியம், கடைசி வாக்கியம் மட்டும் மனப்பாடம். நடுவில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ‘இதில் சொல்ல வந்தது என்ன’ என்று ஒரு வரி.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது வரைபடத்தில். ஸ்லைடு வந்ததும் “இதிலிருந்து தெரிவது” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்பவரோ இன்னும் அச்சுகளையே தேடிக்கொண்டிருப்பார். கிடை அச்சில் என்ன, என்ன அலகு, நிலை அச்சில் என்ன, பிறகு ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு அதை வாசித்துக் காட்டுவது, அதன் பிறகு போக்கு, கடைசியில் அர்த்தம். ஒரு வரைபடத்துக்கு ஒன்றரை நிமிடம் ஒதுக்குங்கள். கலரிமீட்டர் வரைபடத்தில் அடிக்கடி கேட்கும் பிழை ஒன்று: அப்சார்பன்ஸுக்கு (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவுக்கு) அலகு கேட்டால் நானோமீட்டர் என்று பதில் வரும். நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அப்சார்பன்ஸுக்கு அலகு கிடையாது.

மெயில் எழுதுவதும் இப்போது தவிர்க்க முடியாதது. கேரளத்தில் 2024-ல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் இன்டர்ன்ஷிப்பும் பாடத்தின் பகுதி. இடம் கேட்டு நாமே எழுத வேண்டியிருக்கும். தலைப்பில் ‘ரிக்வெஸ்ட்’, ‘அர்ஜெண்ட்’ என்று மட்டும் போட்டால் திறக்கமாட்டார்கள். பாடம், ஆண்டு, எந்த மாதத்தில் எத்தனை நாள் என்பது தலைப்பிலேயே இருக்கட்டும். உள்ளே ஐந்தாறு வரி: நீங்கள் யார், லேபில் என்னென்ன செய்யத் தெரியும், அவர்கள் வேலையில் எதைப் பார்த்து எழுதுகிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். ஒரே மெயிலை இருபது பேருக்கு ஒன்றாக அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார்.

பழகுவதற்குச் செலவில்லாத வழி உண்டு. அன்று செய்த பரிசோதனையை இரண்டு நிமிடம், முதலில் தமிழில், உடனே ஆங்கிலத்தில், போனில் பதிவு செய்யுங்கள். அப்போதே கேட்க வேண்டாம், மறுநாள் கேளுங்கள். எத்தனை ‘அதாவது’, எத்தனை ‘ஸோ’ என்று எண்ணுங்கள். முடிவு எத்தனையாவது விநாடியில் வந்தது என்றும் குறியுங்கள். நிமிடம் தாண்டியும் முடிவு வரவில்லை என்றால் அதை முன்னே கொண்டுவந்து மறுபடி பேசுங்கள்.

கூட்டாளி இருந்தால் இன்னும் நல்லது. இருவரும் முதுகுக்கு முதுகாக உட்காருங்கள். ஒருவர் கையில் பாடப்புத்தக வரைபடம், மற்றவர் கையில் வெற்றுத்தாளும் பென்சிலும். புத்தகம் வைத்திருப்பவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்டு வரைய வேண்டும், திருப்பிக் கேள்வி கேட்கக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடு எங்கே திரும்பாமல் நேராகப் போயிருக்கிறதோ, அங்கே சொன்னவர் எதையோ விட்டிருக்கிறார். விட்டது என்ன என்று கண்டுபிடித்த பிறகு தாளைத் திருப்பி, அடுத்தவர் சொல்லத் தொடங்கலாம்.